பதிவேட்டை எடுத்து வரச் சொல்லுங்கள்: சட்டமன்ற, நாடாளுமன்றக் குழுக்களும் நாமும்

(மாணவர் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பில் பேசுகிறேன் என்றதும் கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர் கொஞ்சம் தயங்கினார். "சட்டமன்றக் குழுவா? அதுக்கு யார் தோழர் வருவாங்க? ஆணவக் கொலை, இடஒதுக்கீடுன்னு ஏதாவது வச்சுக்கலாமே" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. குழு என்றாலே நமக்குக் கொட்டாவி வரும். பிரச்சினையைக் கிடப்பில் போட வேண்டுமானால் ஒரு குழு போடு என்று நம் ஊரில் சொல்வதுண்டு. ஆனாலும் இதைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். காரணத்தை ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன்.

நான் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது வட மாவட்டம் ஒன்றில் ஆதிதிராவிடர் நல மாணவர் விடுதியில் தங்கியிருந்தேன். ஒரு வாரம் திடீரென்று விடுதிக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஓட்டை வாளிகள் போய்ப் புது வாளிகள் வந்தன. இரண்டு வருடமாகக் கோணி தொங்கிய கழிவறைக்குக் கதவு வந்தது. 'சட்டமன்றக் குழு வருது' என்றார்கள். காப்பாளர் எங்களை வரிசையாக நிற்க வைத்து, "யார் என்ன கேட்டாலும் நல்லா இருக்குதுன்னு மட்டும் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழு வந்தது. ஏழெட்டு உறுப்பினர்கள், பின்னால் அதிகாரிகள் கூட்டம். ஒரு உறுப்பினர் என் தோளில் கை போட்டு, "சாப்பாடெல்லாம் எப்படித் தம்பி இருக்கு?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் காப்பாளர் நின்றுகொண்டிருந்தார். "நல்லா இருக்குதுங்க ஐயா" என்றேன். முந்தின வாரம்தான் சோற்றில் புழு கிடந்தது.

இன்னொருவர் வயதானவர். அவர் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, "வருகைப் பதிவேட்டையும் அரிசி இருப்புப் பதிவேட்டையும் எடுத்துட்டு வாங்க" என்றார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "பொங்கலுக்குப் பசங்க எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க இல்ல? அந்த நாலு நாளும் அரிசி எடுத்ததா எழுதியிருக்கீங்களே, அந்தச் சோத்தை யார் சாப்பிட்டாங்க?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாவட்ட அதிகாரி காப்பாளரைப் பார்த்தார், காப்பாளர் தரையைப் பார்த்தார். அதுவரை எங்களை 'டேய்' என்று மட்டுமே கூப்பிட்ட மனிதர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்த ஆண்டு முடிகிறவரை சோறு ஒழுங்காக இருந்தது. அடுத்த ஆண்டு பழையபடி ஆகிவிட்டது.

இரண்டு விஷயங்களை அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். ஒன்று, அதிகாரத்தைப் பேச வைப்பது பதிவேட்டோடு வருகிற கேள்வி. இரண்டு, அந்தக் குழு என்ன அறிக்கை எழுதியது, துறை என்ன பதில் சொன்னது என்று பிறகு யாருமே கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அப்படி ஒரு அறிக்கை இருக்கும் என்பதே எங்களுக்குத் தெரியாது. இன்றைக்கு நான் சொல்ல வருவதெல்லாம் இந்த இரண்டையும் பற்றித்தான்.

*அன்றாடம் பதில் சொல்லும் அரசு*

1948 நவம்பர் 4 அன்று அரசமைப்புச் சட்ட வரைவை அவையில் முன்வைத்துப் பாபாசாகேப் அம்பேத்கர் பேசினார். அமெரிக்கா போன்ற குடியரசுத் தலைவர் ஆட்சி முறையை விட்டுவிட்டு நாடாளுமன்ற முறையை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பதற்கு அந்த உரையில் அவர் விளக்கம் தருகிறார். ஓர் ஆட்சிக்கு நிலைத்தன்மையும் வேண்டும், பொறுப்புடைமையும் வேண்டும். இரண்டையும் சம அளவில் தருகிற முறை இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. நாங்கள் பொறுப்புடைமைக்கு முன்னுரிமை கொடுத்திருக்கிறோம் என்கிறார். அந்தப் பொறுப்பை மக்கள் தேர்தலின்போது எடைபோடுவார்கள், மக்கள் பிரதிநிதிகள் அன்றாடம் எடைபோடுவார்கள், இந்த அன்றாட மதிப்பீடுதான் கூடுதல் வலுவுள்ளது என்பது அவர் வாதம்.

அடுத்த ஆண்டு மே மாதம் கணக்குத் தணிக்கை அதிகாரி பற்றிய விவாதம் வந்தது. அரசமைப்பில் மிக முக்கியமான அதிகாரி அநேகமாக இவராகத்தான் இருப்பார், நீதித்துறையின் கடமையைவிடவும் இவருடைய கடமை முக்கியமானது என்றே அம்பேத்கர் பேசினார். நாம் அவரைச் சட்ட மேதை என்று கொண்டாடுகிறோம். ரூபாயைப் பற்றி ஆய்வு செய்த பொருளியல் அறிஞர் அவர் என்பதை அவ்வப்போது மறந்துவிடுகிறோம். பணம் எங்கே போகிறது என்று தெரியாமல் உரிமை எங்கே போகிறது என்று தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

நம் இயக்கங்கள் இவற்றில் எதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன? தேர்தல் மதிப்பீட்டைப் பிடித்துக்கொண்டோம். நீதிமன்றத்தைப் பிடித்துக்கொண்டோம். தெருவை எப்போதும் விட்டதில்லை, விடவும் கூடாது. அன்றாட மதிப்பீட்டை மட்டும் விட்டுவிட்டோம்.

*அவைக் கேள்வியும் அறைக் கேள்வியும்*

அன்றாட மதிப்பீடு என்றதும் கேள்வி நேரம் நினைவுக்கு வரும். அது தேவைதான். ஆனால் அதன் எல்லையைக் காட்ட ஒரு எடுத்துக்காட்டுப் போதும்.

2021 தொடக்கத்தில் ஒன்றிய சமூகநீதி அமைச்சகம் நாடாளுமன்றத்தில் ஒரு பதில் தந்தது. அதன்படி அதற்கு முந்தைய 5 ஆண்டுகளில் சாக்கடைகளையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் சுத்தம் செய்யும்போது 340 பேர் இறந்திருந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் மாநிலங்களவையில் அதே அமைச்சகத்தின் இணையமைச்சர் ராம்தாஸ் அத்வாலே, கையால் மலம் அள்ளும் தொழிலால் இறப்பு எதுவும் பதிவாகவில்லை என்று பதில் தந்தார்.

இரண்டுமே அரசின் பதில்கள். எப்படி இரண்டும் ஒன்றாக இருக்க முடியும்? 2013ஆம் ஆண்டுச் சட்டம் 'கையால் மலம் அள்ளுபவர்' என்பதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது, சாக்கடைக்குள் இறங்குவதை 'அபாயகரமான சுத்தப்படுத்தல்' என்று தனியாக வரையறுத்திருக்கிறது. ஆகவே சாக்கடையில் செத்தவர் மலம் அள்ளிச் சாகவில்லை, அபாயகரமாகச் சுத்தப்படுத்திச் செத்தார். விஷவாயு தாக்கிச் செத்த மனிதனை ஒரு வரையறைக்குள்ளிருந்து இன்னொரு வரையறைக்குள் தள்ளிவிட்டுப் பூஜ்ஜியம் என்று எழுதிவிடலாம். 1993 முதலான சாக்கடை மரணக் கணக்கில் தமிழ்நாடு முதலிடத்தில் இருக்கிறது என்று இதே ஒன்றிய அரசின் பதில்களே சொல்லியிருக்கின்றன. எனவே இது டெல்லிக் கதை என்று நாம் தள்ளிவிட முடியாது.

அவையில் இந்தத் தந்திரம் செல்லுபடியாகும். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு ஒன்றிரண்டு துணைக் கேள்விகள்தான் கேட்க முடியும். அடுத்த கேள்விக்கு அவைத் தலைவர் போய்விடுவார். எழுத்து வடிவப் பதில் என்றால் துணைக் கேள்வியே கிடையாது.

குழு அறையில் அப்படி நழுவுவது கடினம். நாடாளுமன்றக் குழு ஒரு பொருளை எடுத்துக்கொண்டால் முதலில் துறையிடமிருந்து பின்னணிக் குறிப்புகளைக் கேட்டு வாங்கும். பிறகு கேள்விப் பட்டியல் அனுப்பும். துறையின் செயலாளர் சாட்சியாக வந்து உட்கார வேண்டும். அதற்கான சொல்லே 'சாட்சி' என்பதுதான். மணிக்கணக்கில் கேட்கலாம். அங்கே பதில் இல்லாத கேள்விகளுக்குப் பிறகு எழுத்தில் பதில் தர வேண்டும். வர மறுத்தால் அது அவையின் உரிமையை மீறியதாகும். அறையில் ஒருவர் மட்டும், "ஐயா, 340 பேர் இறந்தார்களே, சட்டத்தின் 7ஆம் பிரிவு சாக்கடையில் ஆளை இறக்கக் கூடாது என்கிறதே, முதல் முறை மீறினாலே 2 ஆண்டு வரை சிறை என்று 9ஆம் பிரிவு சொல்கிறதே, எத்தனை ஒப்பந்தக்காரர்களை உள்ளே தள்ளினீர்கள்? அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பொறியாளர் பெயர் என்ன?" என்று கேட்டால், வரையறைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எளிதல்ல.

*என்னென்ன குழுக்கள், எப்படி இயங்குகின்றன?*

பட்டியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, பொதுக் கணக்குக் குழு. 1921 முதல் இருக்கிறது. மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரைத் தலைவராக்குவது மரபு. சிஏஜி என்று நாம் சொல்கிற தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டதும் இந்தக் குழுவிடம் வரும். மதிப்பீட்டுக் குழு, பொதுத்துறை நிறுவனங்களுக்கான குழு ஆகியவையும் இதே வரிசையில் வருகின்றன.

இரண்டாவது, துறைசார் நிலைக்குழுக்கள். 1993இல் 17 குழுக்களாகத் தொடங்கி 2004இல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் 31 உறுப்பினர்கள். பட்ஜெட்டுக்குப் பிறகு ஒவ்வொரு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையையும் இவை ஆராய்கின்றன.

மூன்றாவது, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நலக் குழு. 1968இல் அமைக்கப்பட்டது, 30 உறுப்பினர்கள். வங்கிகளிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் இடஒதுக்கீட்டுச் சுழற்சிமுறை ஒழுங்காகப் பின்பற்றப்படுகிறதா, நிரப்பப்படாத இடங்கள் எத்தனை என்று நேரில் போய்க் கேட்கிற குழு இது.

இவை தவிர அமைச்சர் அவையில் கொடுத்த வாக்கைப் பின்தொடர்கிற உறுதிமொழிக் குழு, மக்களிடமிருந்து மனு வாங்குகிற மனுக்கள் குழு எல்லாம் உண்டு. தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையிலும் பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு, உறுதிமொழிக் குழு, மனுக்கள் குழு ஆகியவை இருக்கின்றன. எங்கள் விடுதிக்கு வந்தது இப்படியொரு குழுதான்.

குழு அறிக்கை கொடுத்ததோடு வேலை முடிவதில்லை. பரிந்துரைகள் மீது என்ன செய்தோம் என்று அரசு பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு குழு இன்னொரு அறிக்கை எழுதும். அதற்கு நடவடிக்கை அறிக்கை என்று பெயர். அதில் அத்தியாயம் பிரித்திருப்பார்கள்: அரசு ஏற்றுக்கொண்ட பரிந்துரைகள், அரசின் பதிலைக் கேட்டுக் குழு கைவிட்டவை, அரசு சொன்ன பதிலைக் குழு ஏற்காதவை, இன்னும் இறுதிப் பதில் வராதவை. உங்களுக்கு நேரம் குறைவு என்றால் மற்றதைத் தள்ளிவிட்டு, பதிலை ஏற்காத நான்காம் அத்தியாயத்தைப் படியுங்கள். அரசும் மக்கள் பிரதிநிதிகளும் நேருக்கு நேர் முரண்படுகிற இடம் அது. இவை நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

*2003இல் எழுதிவைத்த உண்மை*

கையால் மலம் அள்ளுவோரை விடுவித்து மறுவாழ்வு தருவதற்கான தேசியத் திட்டம் 1992இல் தொடங்கியது. 1993இல் தடைச் சட்டமும் வந்தது. பத்தாண்டு கழித்து, 2003இல் சிஏஜி இந்தத் திட்டத்தைத் தணிக்கை செய்தது. 600 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்தும் திட்டம் தன் நோக்கத்தை அடையத் தவறிவிட்டது என்று எழுதியது. பணம் இருந்தது, அதில் பெரும்பகுதி செலவாகாமலோ முழுதாகப் பயன்படாமலோ கிடந்தது. கண்காணிக்கப் போட்ட குழுக்கள் செயல்படவே இல்லை. விடுவிக்கப்பட்டோர் என்று கணக்குக் காட்டப்பட்டவர்களுக்கு மறுவாழ்வு கிடைத்ததற்கு ஆதாரம் இல்லை. எல்லாவற்றையும்விட மோசமான குறை, தடைச் சட்டத்தைக் கையிலேயே எடுக்காததுதான் என்றது அந்த அறிக்கை.

யோசித்துப் பாருங்கள். இதை எழுதியவர்கள் போராட்டக்காரர்கள் அல்லர், அரசமைப்புச் சட்டத்தால் அமர்த்தப்பட்ட தணிக்கையாளர்கள். அதே 2003இல் சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் தோழர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். தீர்ப்பு வர 2014 மார்ச் 27 ஆனது. 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று சொன்ன அந்தத் தீர்ப்பு, சிஏஜியின் இந்த அறிக்கையையும் எடுத்துக் காட்டியிருக்கிறது. இடையில் 11 ஆண்டுகள். 2023 அக்டோபரில் அந்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்திருக்கிறது என்றால் மரணம் நிற்கவில்லை என்றும் பொருள்.

தணிக்கை அறிக்கை தானாகப் பேசாது. பொதுக் கணக்குக் குழுவிடம் வருகிற தணிக்கைப் பத்திகள் ஏராளம். அவற்றில் சிலவற்றைத்தான் குழு விரிவாக விசாரிக்க முடியும். எந்தப் பத்தியை எடுப்பது என்பது ஒரு தேர்வு. அலைக்கற்றை ஊழல் என்றால் நாடே அந்தக் குழு அறையின் வாசலில் நிற்கிறது. மலம் அள்ளுவோர் மறுவாழ்வுப் பணம் என்றால் வாசலில் யார் நிற்கிறார்கள்? நாம்தானே நிற்க வேண்டும்?

*மேசையின் இரு பக்கங்கள்*

குழு அறைக்குள் யார் எந்தப் பக்கம் உட்காருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

2019இல் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தந்த தகவல்படி, டெல்லியில் பணியிலிருந்த 89 செயலாளர்களில் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் 1. பழங்குடியினர் 3. பிற்படுத்தப்பட்டோர் ஒருவரும் இல்லை. இந்த நாட்டை நிர்வகிக்கிற உச்சி மண்டபம் அப்படி இருக்கிறது. கோப்பை நகர்த்துவதும், நிதியை விடுவிப்பதும், வரையறையை எழுதுவதும் அந்த மண்டபம்தான்.

மக்களவையிலோ பட்டியல் சாதியினருக்கு 84 தனித்தொகுதிகளும் பழங்குடியினருக்கு 47 தனித்தொகுதிகளும் இருக்கின்றன. தமிழ்நாடு சட்டமன்றத்தில் 44 பட்டியல் சாதித் தொகுதிகள், 2 பழங்குடித் தொகுதிகள். இந்த உறுப்பினர்கள் கேள்வி கேட்கும் பக்கத்தில் உட்கார, செயலாளர் பதில் சொல்லும் பக்கத்தில் உட்காருகிற இடம் இந்தக் குழு அறை. அலுவலகத்தில் செயலாளரைப் பார்க்க வேண்டுமானால் நம் உறுப்பினர் வாசலில் காத்திருக்க வேண்டியிருக்கும். இங்கே செயலாளர் காத்திருக்க வேண்டும்.

தனித்தொகுதி உறுப்பினர்கள் கட்சியை மீறிப் பேசுவதில்லையே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு பாபாசாகேப் தன் வாழ்நாளெல்லாம் கேட்ட கேள்வியும் அதுவே. ஆனால் குழுவில் கட்சிக் கொறடா உத்தரவு செல்லாது. கூட்டம் மூடிய அறையில் நடப்பதால் தொலைக்காட்சிக்காகச் சத்தம் போட வேண்டிய தேவையும் இல்லை. ஆளுங்கட்சி உறுப்பினர்கூட அங்கே ஓர் அதிகாரியை உருப்படியாகக் கேள்வி கேட்க முடியும். கேட்பதற்கு அவர் கையில் விவரம் வேண்டும். தொகுதி வேலை, கல்யாணம், காதுகுத்து என்று ஓடுகிற ஒருவரின் கையில் அந்த விவரத்தை யார் கொண்டுபோய்க் கொடுப்பது?

இது நமக்குப் புதிய வேலையுமல்ல. பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது அலுவலகம் எதிலும் நம் மக்களைத் தடுக்கக் கூடாது என்று 1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்ற வைத்தவர் ரெட்டைமலை சீனிவாசன். தீர்மானத்தை வைத்து அரசாணையும் வந்தது. அரசாணை வந்த பிறகும் அக்கிரகாரத் தெருவும் ஊர்த்தெருவும் உடனே திறந்துவிடவில்லை. எம்.சி. ராஜாவும் வீரையனும் அந்த அவையில் தொடர்ந்து கேட்டது அதிகாரிகளைத்தான். உத்தரவு போட்டீர்களே, எந்த ஊரில் நிறைவேறியது என்று கேட்டார்கள். அந்தத் தலைமுறையிடம் இணையம் இல்லை, தகவல் உரிமைச் சட்டம் இல்லை. அவர்கள் கேட்டார்கள்.

*குறைகளையும் சொல்லிவிடுகிறேன்*

இந்தக் குழுக்களைப் பற்றி உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர நான் வரவில்லை. குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. பொதுக் கணக்குக் குழு போன்ற நிதிக் குழுக்கள் அமைச்சரைச் சாட்சியாக அழைக்க முடியாது. நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடு என்று சொல்லி ஓர் ஆவணத்தைத் தராமல் இருக்க அரசுக்கு விதியிலேயே இடம் இருக்கிறது. மசோதாக்களைக் குழுவுக்கு அனுப்பும் வழக்கமும் தேய்ந்துவிட்டது. 15ஆவது மக்களவைக் காலத்தில் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17ஆவது மக்களவைக் காலத்தில் 16 விழுக்காடுதான். குழுவுக்குப் பல் இல்லை என்று சொல்பவர்கள், அதைப் பிடுங்கியது யார் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவற்றைவிட எனக்குக் கவலை தருகிற குறை ஒன்று உண்டு. குழுக்களுக்குள்ளும் ஒரு சேரி இருக்கிறது. சாதி பற்றிய எந்தக் கேள்வியானாலும் பட்டியல் சாதியினர் நலக் குழுவுக்கோ சமூகநீதி நிலைக்குழுவுக்கோ போ என்று தள்ளிவிடுகிறார்கள். சாக்கடை நகர்ப்புற அமைச்சகத்தின் கீழ் வருகிறது. தண்டவாளத்தில் மலம் அள்ளவிட்டது ரயில்வே. 2013 சட்டமே தண்டவாளத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பிறகு உடனே, பாதுகாப்பு உபகரணம் கொடுத்துவிட்டால் அவர் கையால் மலம் அள்ளுபவராகக் கருதப்படமாட்டார் என்றும் ஒரு விளக்கத்தைச் சேர்த்துவிட்டது. உபகரணத்தின் தரத்தை முடிவு செய்கிற துறையிடம் போய்க் கேட்க வேண்டிய கேள்வியை, உதவித்தொகை கொடுக்கிற துறையிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பணத்திலும் இதே கதைதான். 1979 முதல் பட்டியல் சாதியினர் மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதி ஒதுக்கும் சிறப்புக் கூறு திட்டம் இருக்கிறது. பிறகு துணைத் திட்டம் என்று பெயர் மாறியது. 2010இல் டெல்லி காமன்வெல்த் விளையாட்டுக்காக இந்த நிதியிலிருந்து 600 கோடிக்கும் மேல் திருப்பிவிடப்பட்டது அம்பலமானது. அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் அது தவறு என்று மாநிலங்களவையில் ஒப்புக்கொண்டார். பட்டியல் சாதியினர் வீட்டுக்கும் படிப்புக்கும் போக வேண்டிய பணம் பந்தய மைதானத்துக்குப் போயிருந்தது. இது ஒரு கட்சியின் குற்றம் மட்டுமல்ல. கட்சி மாறினாலும், மாநிலம் மாறினாலும், பொதுச் செலவைப் பட்டியல் சாதியினர் கணக்கில் எழுதுகிற வழக்கம் மாறுவதில்லை. இன்றும் ஒன்றிய பட்ஜெட்டில் 10ஏ என்றொரு அட்டவணை வருகிறது. ஒவ்வொரு அமைச்சகமும் பட்டியல் சாதியினருக்காக ஒதுக்கியதாகச் சொல்லும் தொகை அதில் இருக்கும். நெடுஞ்சாலை போடுகிறவரும் தொலைபேசிக் கம்பம் நடுகிறவரும்கூட அதில் கணக்குக் காட்டலாம். 'இந்தத் தொகையால் எந்த ஊரில் எந்தக் குடும்பம் பயன்பெற்றது?' என்று அந்தந்தத் துறையின் நிலைக்குழு அந்தந்தச் செயலாளரைக் கேட்க வேண்டும். தமிழ்நாடும் 2024இல் இந்த நிதிக்கென்று ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. நீண்ட போராட்டத்தின் வெற்றி அது. சட்டம் வந்துவிட்டது என்று நாம் கலைந்து போனால், 1924 அரசாணைக்கு நேர்ந்ததே இதற்கும் நேரும்.

*நாம் என்ன செய்யலாம்?*

மூன்று வேலைகளைச் சொல்கிறேன். மூன்றும் உங்களால் முடிந்தவை.

முதலாவது, படிப்பது. இந்த வட்டம் மாதம் ஒரு புத்தகம் படிக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு குழு அறிக்கையையோ தணிக்கை அறிக்கையையோ படியுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 21(4) பிரிவின்படி ஒன்றிய அரசு ஒவ்வோர் ஆண்டும் அந்தச் சட்டத்தின் செயல்பாடு பற்றி நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் அறிக்கை வைக்க வேண்டும். அதே சட்டத்தின் விதிகள்படி மாநிலத்தில் முதலமைச்சர் தலைமையிலான கண்காணிப்புக் குழு ஆண்டுக்கு இரண்டு முறையும், மாவட்டத்தில் ஆட்சியர் தலைமையிலான குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் கூட வேண்டும். உங்கள் மாவட்டக் குழு கடந்த ஆண்டு எத்தனை முறை கூடியது? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் செலவில் கேட்டுவிடலாம்.

இரண்டாவது, மனு. தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வரும்போது, முன்கூட்டியே மாவட்ட நிர்வாகம் செய்தி வெளியிட்டு மனுக்களைக் கேட்கும். பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும், ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை, நீதிமன்றத்தில் இருக்கும் வழக்காக இருக்கக் கூடாது, தனிப்பட்ட வேலை, கடன், பட்டா கோரிக்கை கூடாது என்பதுபோல நிபந்தனைகள் இருக்கும். இதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது சுடுகாட்டுப் பாதை. நம் ஊர்களில் எத்தனை சேரிகளுக்குப் பிணம் கொண்டுபோகப் பாதை இல்லை! ஒரே பிரச்சினை, ஒரே துறை, பல ஆண்டுகள். இதைவிடப் பொருத்தமான மனு உண்டா? நாம் எழுதும் மனுக்களில் சாலை, தண்ணீர், பட்டா, டாஸ்மாக், வன்கொடுமை எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டுவிடுகிறோம். கோபம் அப்படித்தான் எழுத வைக்கும். ஆனால் ஐந்து துறையைக் கேட்ட மனுவுக்கு ஒரு துறையும் பதில் சொல்லாது.

மூன்றாவது, கேள்வியை உறுப்பினர் கையில் கொடுப்பது. உங்கள் தொகுதி உறுப்பினர் எந்தக் குழுவில் இருக்கிறார் என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்கச் சொன்னால் எனக்கே சங்கடமாகிவிடும். எந்தக் கட்சியானாலும் சரி, அவரைப் போய்ப் பாருங்கள். மாலையும் சால்வையும் வேண்டாம். ஒரு பக்கத் தாளில் ஒரு துறை, ஒரு தொகை, ஒரு ஊர், ஒரு கேள்வி என்று எழுதிக் கொண்டுபோங்கள். கேட்டாரா என்று ஆறு மாதம் கழித்துத் திரும்பப் போய்க் கேளுங்கள். கேட்கவில்லை என்றால் அதையும் ஊருக்குச் சொல்லுங்கள்.

தெருவில் நிற்பதற்கு மாற்றாக இதைச் சொல்லவில்லை. தெருவில் நாம் எழுப்பும் முழக்கம் அடங்கிய பிறகும் கோப்பு நகர வேண்டியிருக்கிறது. சாதி நம்மை அடக்குவது அரிவாளால் மட்டுமல்ல, 'நிதி இல்லை', 'பரிசீலனையில் உள்ளது', 'அப்படி இறப்பு எதுவும் பதிவாகவில்லை' என்ற வாக்கியங்களாலும்தான். அந்த வாக்கியத்தை எழுதியவரை உட்கார வைத்துக் கேட்கிற ஓர் அறையை அரசமைப்பு நமக்குத் தந்திருக்கிறது.

பழைய விடுதிக்கே திரும்புகிறேன். 'நல்லா இருக்குதுங்க ஐயா' என்று அன்றைக்கு நான் சொன்ன பொய் இன்னும் உறுத்துகிறது. பயந்த பையன், வேறென்ன சொல்லியிருப்பான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பெரியவர் பதிவேட்டைக் கேட்ட பிறகும், அவர் பின்னால் ஓடிப்போய், "ஐயா, பொங்கலுக்கு மட்டும் இல்லை, ஒவ்வொரு சனி ஞாயிறும் அப்படித்தான்" என்று சொல்ல எங்கள் நாற்பது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. விவரம் எங்களிடம் இருந்தது, கேட்கிற அதிகாரம் அவரிடம் இருந்தது. இரண்டும் ஒரே வராந்தாவில் ஐந்தடி தூரத்தில் நின்றுவிட்டுப் பிரிந்து போயின.

இப்போது இந்தக் கூட்டத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிற தோழர்கள் இருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் விடுதியைப் பற்றி ஆளுக்கொரு கேள்வி எழுதிக்கொண்டு வாருங்கள். எந்தப் பதிவேட்டில் பார்த்தால் அதற்கு விடை கிடைக்கும் என்பதையும் கீழே எழுதுங்கள். அவற்றை எந்தக் குழுவுக்கு அனுப்புவது என்று சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்வோம்.